மனசாட்சியின் செலவு யார் கணக்கில்?

(மதுரை திருநகரில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தமிழ்நாட்டில் பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கும் பழக்கமான கணக்கு இது. முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்திருக்கும். இரண்டாவதும் ஆபரேஷன்தான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருப்பார். அப்போதே வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்: “வயித்தத் திறக்கும்போதே கு.க.வையும் பண்ணிரச் சொல்லிருவோம். இன்னொரு தரம் எதுக்குப் போய்ப் படுக்கணும்?” மருத்துவப்படியும் அது சரியான பேச்சுதான். சிசேரியன் முடிந்து தையல் போடுவதற்கு முன் கருக்குழாய்கள் இரண்டையும் கட்டித் துண்டிக்கச் சில நிமிடங்கள் போதும். புதிதாக ஒரு கீறல் வேண்டாம், தனியாக மயக்க மருந்து வேண்டாம், ஆஸ்பத்திரி வாசமும் கூடாது.

அந்தப் பெண் சேர்ந்திருப்பது கத்தோலிக்கத் துறவற சபை நடத்தும் ஆஸ்பத்திரி என்றால், கணக்கு அங்கே நின்றுபோகும். “எங்க ஆஸ்பத்திரியில அது செய்றதில்லம்மா” என்று பதில் வரும். சொல்கிற சிஸ்டர் கடுகடுத்துச் சொல்வதில்லை. இரவு முழுக்க அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவராகவே இருக்கக்கூடும். அந்த அன்பும் உண்மை, இந்த மறுப்பும் உண்மை. இரண்டுக்கும் ஊற்று அவருடைய விசுவாசம்தான்.

மறுப்புக்குப் பிறகு நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் 2006இல் வெளியிட்ட கருத்தடை அறுவை விதிமுறைகளின்படி, பிரசவத்தை ஒட்டிச் செய்வதானால் 7 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும். அந்த வாரம் தவறினால், கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கும்வரை 6 வாரம் காத்திருக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து அந்தப் பெண் எந்த நிலையில் இருப்பாள்? கையில் பால்குடிப் பிள்ளை. வீட்டில் மூத்தது. லீவு முடிந்து புருஷன் வேலைக்குப் போயிருப்பான், அம்மா ஊருக்குத் திரும்பியிருப்பாள். இரண்டாவது மயக்க மருந்துக்கும் இரண்டாவது கீறலுக்கும் மறுபடி ஒரு ஆஸ்பத்திரி தேட வேண்டும். “பெறகு பாத்துக்குவோம்” என்று தள்ளிப்போட்டு, அப்படியே மூன்றாவது தங்கிவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு முறை கிழித்துத் தைத்த கருப்பையில் மூன்றாவது கரு தங்கும்போது, நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிப் பிடிப்பது முதல் தழும்பு பிரிவது வரை ஆபத்துகள் கூடும். சிசேரியன் எண்ணிக்கை ஏற ஏற இந்த ஆபத்தும் ஏறும் என்பதை மகப்பேறு மருத்துவம் படித்த எவரும் சொல்வார்.

ஆக, மறுத்தவர் மனசாட்சியைக் காப்பாற்றிக்கொண்டார். அதற்கான செலவு கட்டிலில் படுத்திருந்தவள் உடம்பில் போய் விழுந்தது. இந்தச் சொற்பொழிவு முழுக்க அந்தச் செலவைப் பற்றியதுதான்.

மறுப்பவரைக் குறைத்துப் பேசிவிட்டு இந்தப் பொருளைத் தொடுவது நியாயமாகாது. கருத்தடைக்கு மதத்தின் பெயரால் வந்த எதிர்ப்பு ஒரு திருச்சபைக்கு மட்டும் உரிய சங்கதியும் இல்லை. 1930 என்ற ஒரே ஆண்டைப் புரட்டினால் போதும். அந்த ஏப்ரலில் ‘குடி அரசு’ இதழில் பெரியார் கர்ப்பத்தடை பற்றித் தலையங்கம் எழுதினார். ஜூனில் மைசூர் சமஸ்தானம் தன் ஆஸ்பத்திரிகளில் கருத்தடை மையங்கள் திறக்க ஆணையிட்டது. உலகில் ஓர் அரசாங்கம் தானே முன்வந்து திறந்த முதல் மையங்களாக அவை பேசப்படுகின்றன. ஆகஸ்டில் லண்டனில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு, சில நிபந்தனைகளோடு கருத்தடையை அனுமதித்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல டிசம்பர் 31 அன்று பாப்பரசர் பதினோராம் பயஸ் ‘காஸ்தி கொன்னூபீ’ என்ற சுற்றுமடலில் செயற்கைக் கருத்தடை முழுவதையும் பாவம் என்று அறிவித்தார். ஈரோடு, மைசூர், லண்டன், ரோம் என நான்கு இடங்கள் ஒன்பது மாதத்துக்குள் நான்கு விதமாகப் பேசியிருக்கின்றன.

திருநகருக்கு அடுத்து இருக்கிற பசுமலையிலேயே இதன் நிழலைப் பார்க்கலாம். அமெரிக்க மதுரை மிஷன் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வேதாகமப் பள்ளி வைத்திருந்தது. அந்த மிஷன் வழி வந்தவர்கள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தார்கள். புராட்டஸ்டண்ட் பக்கத்தில் கருத்தடைக்கு அதன்பின் பெரிய தடை இருக்கவில்லை. வேலூர் சி.எம்.சி. போன்ற ஆஸ்பத்திரிகள் குடும்ப நலப் பணியைத் தங்கள் ஊழியத்தின் பகுதியாகவே செய்துவந்தன. கத்தோலிக்க ஆஸ்பத்திரிகள் செய்யவில்லை. ஒரே வேதப்புத்தகத்தை வாசிக்கும் இரண்டு சபைகள், ஒரே ஊரில், ஒரே நோயாளிக்கு இரண்டு பதில் சொல்கின்றன. இஸ்லாத்திலும் அப்படித்தான். எகிப்தின் தலைமை முஃப்தி 1937இல் கருத்தடையை அனுமதித்து ஃபத்வா கொடுத்தார். அதற்கும் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி, மனைவியின் உடல்நலமும் குடும்ப பாரமும் கருதிக் கருவைத் தவிர்ப்பது ஆகுமானதே என்று எழுதியிருக்கிறார். இன்னமும் கூடாது என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள்.

அடையாறில் வாழ்ந்து 1933இல் அங்கேயே மறைந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் வாழ்க்கையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. சார்லஸ் நோல்ட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கருத்தடைச் சிறுநூலை மறுபதிப்புச் செய்ததற்காக 1877இல் நாத்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவோடு லண்டன் நீதிமன்றத்தில் நின்றவர் அவர். தண்டனை மேல்முறையீட்டில் நீங்கியது, ஆனால் மறு ஆண்டே பெற்ற மகளை வளர்க்கும் உரிமையை நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்தது. அத்தனை விலை கொடுத்தவர், பிரம்மஞான சபையில் சேர்ந்த பிறகு 1891இல் தன்னுடைய சொந்தக் கருத்தடை நூலையே விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். புது நம்பிக்கை பழைய நூலுக்கு இடம் கொடுக்கவில்லை. அதே சென்னையில் 1880களில் ‘தத்துவ விவேசினி’ இதழ் நடத்திய தமிழ் நாத்திகர்கள் கருத்தடையை வெளிப்படையாக ஆதரித்துக்கொண்டிருந்தார்கள். மனசாட்சி இரண்டு திசையிலும் மனிதரை நகர்த்தும் என்பதற்கு அன்னி பெசன்ட் ஒருவரே போதும்.

மனசாட்சிக்காக வேலையை இழந்த ஒருவரின் கதைக்குப் பம்பாய்க்குப் போக வேண்டும். ரகுநாத் தோண்டோ கார்வே அங்கே வில்சன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அது ஸ்காட்லாந்து மிஷனரிகளின் கல்லூரி. அவர் 1921இல் பம்பாயில் கருத்தடை மையம் தொடங்கினார். இந்தியாவில் முதல் மையம் என்று அதைச் சொல்கிறார்கள். பாடம் நடத்துவதில் குறை சொல்ல யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. கருத்தடைப் பிரசாரத்தை விட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும் என்று நிலைமை வந்தபோது, 1925இல் அவர் வேலையை விட்டார். பிறகு ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி மாத இதழை 1927 முதல் 1953இல் சாகும்வரை நடத்தினார். வருமானம் சொற்பம். குடும்பம் பெரும்பாலும் மனைவி மாலதியின் சம்பாத்தியத்தில் ஓடியது. ஆபாசம் எழுதினார் என்று வழக்குகள் வந்தன. 1934 வழக்கில் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். நான்கு ஆண்டு கழித்து, 1938 நவம்பரில், அம்பேத்கரின் கட்சி உறுப்பினர் ரோஹம் பம்பாய் சட்டசபையில் கருத்தடை வசதிக்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். அது தோற்றது.

இன்று மனசாட்சி மறுப்பு என்றாலே கருத்தடை செய்ய மாட்டேன் என்பவரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. செய்வேன் என்று சொன்னதற்காகச் சம்பளத்தை இழந்த கார்வேக்கும் மனசாட்சிதான் இருந்தது. அதைக் காக்கச் சட்டத்தில் அன்று ஒரு வரியும் இல்லை.

இனி காந்தி. அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவர் மார்கரெட் சாங்கர் 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து அவரோடு இரண்டு நாள் வாதாடினார். காந்தி அசையவில்லை. பிரம்மச்சரியமே வழி, கருவிகள் இச்சையை வளர்க்கும் என்பது அவருடைய ஆன்மிக நம்பிக்கை. கடைசியில், மாதத்தில் கரு தங்காத நாட்களைப் பார்த்து நடந்துகொள்வது மற்ற முறைகளைப்போல மனதுக்கு ஒவ்வாததாக இல்லை என்ற அளவுக்கு மட்டும் இறங்கிவந்தார். அதே மாதம் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டில் சாங்கர் பேசினார். கத்தோலிக்கப் பெண்கள் எழுந்து எதிர்த்தார்கள். விவாதம் சூடாக நடந்து, கருத்தடை ஆதரவுத் தீர்மானம் நிறைவேறியது.

காந்தி விட்டுக்கொடுத்த அந்தச் சிறு இடம் பின்னால் ஒரு நாட்டின் கொள்கையாகவே ஆனது. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியின் சீடர். செயற்கைக் கருத்தடை அவருக்கு உடன்பாடில்லை. 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற முதல் நாடு என்று இந்தியா பெயர் வாங்கியபோது, அத்துறைக்குப் பொறுப்பானவரின் மனசாட்சி அதன் பெரும்பகுதியை ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன், நாள் கணக்கு முறையை டெல்லி லோடி காலனியிலும் மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் சோதித்துப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக மணிமாலை செய்து கொடுத்தார்கள். தினம் ஒரு மணியை நகர்த்த வேண்டும், நிறத்தைப் பார்த்து எந்த நாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ராத்திரியில் நிறம் தெரியாது என்பதால் மணியின் வடிவத்தை மாற்றினார்கள். இருட்டில் தப்புப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள் என்று கொக்கி வைத்தார்கள். மாலை என்னவோ அழகுதான். பெண்களுக்கு அதனால் பிள்ளைப்பேறு குறையவில்லை. அதே 1952இல் உலக சுகாதாரப் பேரவையில் கருத்தடைப் பேச்சு எழுந்தபோது, கத்தோலிக்க நாடுகள் கடுமையாக எதிர்த்து அதை நிறுத்தின. மனசாட்சி என்பது நர்ஸ் ஒருவரின் மனதுக்குள் மட்டும் நடக்கிற போராட்டம் என்று நினைத்திருந்தால், அமைச்சரவையிலும் ஜெனீவாவிலும் அது என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மதுரைக்கு அருகே, சின்னாளபட்டியை ஒட்டி, இதே காந்திய மரபு வேறொரு வழியில் நடந்திருக்கிறது. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் இளவயதில் கணவரை இழந்தவர். அதன்பின் டெல்லி போய் மருத்துவம் படித்தார். 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார், 1947இல் இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே எழுந்த கஸ்தூரிபா ஆஸ்பத்திரி, காந்தி ஒப்புக்கொள்ளாத கருத்தடை ஆபரேஷனை ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் செய்தது. ஆத்தூர் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்த்த சுகாதாரச் சோதனையில் கிடைத்த அனுபவம் 1964இல் குடும்ப நலப் பயிற்சிக்கான தனி நிறுவனமாக வளர்ந்தது. தென் மாவட்டங்களில் வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளர்களில் பலர் அங்கே பயிற்சி பெற்றவர்கள். சௌந்தரம் அம்மா கதர் உடுத்துவதை விடவில்லை, காந்தியை விடவில்லை. தன் முன்னால் வந்து நின்ற பெண்ணின் உடம்பு கேட்டதையும் விடவில்லை. தத்துவத்துக்கும் நோயாளிக்கும் இடையே ஒரு மருத்துவர் எடுத்த முடிவு அது. மதுரைக்காரர்கள் டி.வி.எஸ். பஸ்ஸைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதுண்டு. இதைப் பற்றியும் பேசலாம்.

கத்தோலிக்கர்களுக்குள்ளும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரான பாஸ்டன் மருத்துவர் ஜான் ராக், தினமும் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். 1960இல் அமெரிக்காவில் மாத்திரை அனுமதி பெற்றது. 1963இல் அவர், திருச்சபை இதை ஏற்க வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதினார். பாப்பரசர் அமைத்த ஆணைக்குழுவிலும் பெரும்பான்மையினர் மாற்றம் வேண்டும் என்றுதான் 1966இல் சொன்னார்கள். ஆறாம் சின்னப்பர் 1968 ஜூலையில் ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடலில் பழைய தடையை உறுதிசெய்தார். இன்றும் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகள் ஆணுறையும் காப்பர்-டியும் மாத்திரையும் தருவதில்லை, இயற்கை முறையைக் கற்றுத்தருகின்றன. அன்னை தெரேசா 1979இல் நோபல் உரையிலேயே, கல்கத்தா சேரி மக்களுக்குத் தம் சபையினர் அந்த முறையைச் சொல்லித்தருவதை விவரித்தார். கிராமப்புற இந்தியாவில் இந்த ஆஸ்பத்திரிகளின் தொண்டு பெரியது. கன்னியாஸ்திரீயாகவும் மருத்துவராகவும் இருந்த மேரி குளோரி குண்டூரில் 1943இல் தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தில் இன்று 3,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. சில இடங்களில் சுற்றுவட்டாரத்துக்கே அந்த ஒரு ஆஸ்பத்திரிதான். அதனால்தான் அவர்கள் செய்ய மறுப்பது அத்தனை பாரமாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவம் படித்தவர்களிலேயே பலர் கவனிக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வெளியிட்ட நடத்தை விதிகளில் 7ஆம் அத்தியாயம் தவறான நடத்தைகளைப் பட்டியலிடுகிறது. அதில் 7.15ஆம் விதியின் சாரம் இது: மருத்துவக் காரணம் இருக்கும்போது, மதத்தை மட்டுமே காரணம் காட்டி, பதிவுபெற்ற மருத்துவர் மலடாக்கும் சிகிச்சைக்கோ கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ சுன்னத்துக்கோ உதவ மறுக்கக்கூடாது. தனக்கு அந்தத் திறமை இல்லை என்று அவர் கருதினால் மட்டும் விலக்கு. பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டம் மனசாட்சியின் பேரில் விலகிக்கொள்ள வழி வைத்தது. இந்தியாவின் 1971 சட்டம் அப்படி ஒரு வழி வைக்கவே இல்லை. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் சில வாரங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டதால், 2002 விதிகள்தான் நடைமுறையில் இருக்கின்றன. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மனசாட்சி சுதந்திரத்தைக் கொடுக்கும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்ற மூன்றுக்கும் அதை உட்படுத்தித்தான் கொடுக்கிறது.

வாசிக்கத் தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதியில் மூன்று இடங்களில் ஓட்டை. மருத்துவக் காரணம் இருந்தால்தான் அது செல்லும். ‘இரண்டு போதும்’ என்று ஒரு பெண் தானே எடுத்த முடிவு மருத்துவக் காரணமா என்று கேட்டால் பதில் இல்லை. அது மருத்துவரை மட்டும் கட்டுப்படுத்துகிறது. நர்ஸ், மருந்துக்கடைக்காரர், ஆஸ்பத்திரி நடத்தும் டிரஸ்ட் யாரும் அதில் வரவில்லை. செய்யத் தயாராக இருக்கிற டாக்டரையும், கார்வேயை அந்தக் கல்லூரி நிறுத்தியதுபோல, நிர்வாகம் நிறுத்தலாம். மூன்றாவது, அடுத்த விதியான 7.16, மலடாகக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்கிறது. மதத்தைக் காட்டி டாக்டர் மறுக்கக்கூடாது, கையெழுத்துப் போடாமல் புருஷன் மறுக்கலாம். சுகாதார அமைச்சகத்தின் 2006 விதிமுறைகளோ துணையின் சம்மதம் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கின்றன. ஆஸ்பத்திரி கவுண்டரில் எது செல்லுபடியாகிறது என்பதைப் பெண்கள் அறிவார்கள். “அவர வரச் சொல்லுங்க” என்றுதான் முதலில் சொல்வார்கள்.

பெரியார் 1930இலேயே தொட்டது இந்த இடத்தைத்தான். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் பெண்ணின் ஆரோக்கியத்துக்காகவும் கருத்தடை கேட்டார்கள். அவர் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். மருத்துவக் காரணம் இருந்தால் என்று நிபந்தனை போடும் எந்த விதியும் அவர் கேட்டதில் பாதியைத்தான் கொடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற தேர்வு 21ஆம் பிரிவின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று சொன்ன பிறகும், ஆஸ்பத்திரிப் படிவங்கள் மெதுவாகத்தான் மாறுகின்றன.

நர்சுகளின் நிலை டாக்டர்களின் நிலையைவிடச் சிக்கலானது. மதுரைப் பெரியாஸ்பத்திரி போன்ற இடத்தில், கு.க. தியேட்டரில் நிற்க மனம் ஒப்பாத ஒரு நர்ஸ் டியூட்டி மாற்றிக் கேட்கலாம். ஆள் இருக்கிறார்கள், நோயாளிக்கு எதுவும் தெரியாமலே அது முடிந்துவிடும். அப்படிப்பட்ட விலகலுக்கு இடம் கொடுப்பதே கண்ணியம். கிராம சுகாதார செவிலியருக்கு அந்த வசதி கிடையாது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. விளாச்சேரி, தனக்கன்குளம், நிலையூர் போன்ற ஊர்களில் ஒரு பெண் முதலில் தேடிப் போவது அந்த நர்சம்மாவைத்தான். மாலா-என் மாத்திரையும் நிரோத்தும் அவர் அலமாரியில்தான் இருக்கும். காப்பர்-டிக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்கிறவரும் அவர்தான். அவர் விலகினால் அந்த இடத்துக்கு மாற்று ஆள் கிடையாது. ஒரே ஆள் இருக்கிற வேலையை ஏற்கும்போது, அந்த வேலையின் எந்தப் பகுதியையும் விட முடியாது என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது. இது அவர் மீது பாரம்தான். அந்தப் பாரத்தை ஏற்க முடியாதவருக்கு வேறு பணியிடம் கொடுக்கும் கடமை அரசுக்கு உண்டு. 5,000 பேருக்கு இல்லை என்று சொல்லும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது அரை உண்மையாகிவிடும். இந்த நாட்டில் சுகாதார ஊழியரின் மனசாட்சியை அதிகம் மிதித்தது மதம் இல்லை, அரசின் இலக்கு. அவசரநிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. ஆள் பிடித்து வராதவர்களுக்குச் சம்பளம் நின்ற ஊர்கள் உண்டு. அவசரநிலை போன பிறகும் இலக்கு போகவில்லை. மார்ச் மாதம் நெருங்கினால் நர்சுகள் கேஸ் தேடி அலைந்த காலம் 1996இல் இலக்கு முறை ரத்தாகும்வரை நீடித்தது. பிரசவ வார்டில் கேட்காமலே காப்பர்-டி வைத்துவிட்டார்கள் என்ற புகார் தமிழ்நாட்டில் அதற்குப் பின்னும் எழுந்திருக்கிறது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். 13 பேர் செத்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டுக்குள் முகாம் முறையையே நிறுத்தச் சொன்னது. அந்த முகாமில் ‘இப்படிச் செய்ய என் மனசு ஒப்பவில்லை’ என்று ஒருவர் கத்தியைக் கீழே வைத்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்! மனசாட்சி மறுப்புக்கு இடமே கூடாது என்பவர்கள் பிலாஸ்பூரை நினைத்துக்கொள்ள வேண்டும். பெண் கேட்டதைத் தர மறுப்பதும், பெண் கேட்காததைத் திணிக்க மறுப்பதும் ஒன்றாகாது. முதல் மறுப்புக்கு வரம்பு வேண்டும், இரண்டாவதற்குப் பாதுகாப்பு வேண்டும்.

தமிழ்நாட்டுப் புள்ளிவிவரத்தையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், மணமாகிப் பிள்ளை பெறும் வயதிலிருக்கும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். சராசரியாக ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை. ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எல்லா மதத்துப் பெண்களும் இதில் அடக்கம். கத்தோலிக்கப் பெண்கள் தங்கள் சபை ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, அரசு ஆஸ்பத்திரியில் போய் ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள். பக்கத்து மாநிலத்தில், கோட்டயம் மாவட்டத்துப் பாலா மறைமாவட்டம் 2021இல் ஐந்தோ அதற்கு மேலோ பிள்ளை பெற்ற குடும்பங்களுக்கு உதவித்தொகை அறிவித்தது. கோயிலில் அறிவிப்பு வாசித்தார்கள். வீடுகளில் பிள்ளை எண்ணிக்கை அதனால் ஏறிவிடவில்லை.

வெளிநாட்டு வழக்குகளில் ஒன்று நம்மூர் மருந்துக்கடைகளுக்கு அப்படியே பொருந்தும். பிரான்சில் போர்தோ அருகே சாலபெஃப் என்ற சிற்றூரில் 1995இல், டாக்டர் சீட்டோடு வந்த மூன்று பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை தர மருந்துக்கடை உரிமையாளர்கள் மதத்தைக் காட்டி மறுத்தார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2001இல் நீதிமன்றம் அவர்கள் மனுவை ஏற்க மறுத்தது. மருந்துக்கடையில் மட்டுமே கிடைக்கிற ஒரு பொருளை, விற்பவர் தம் நம்பிக்கையைப் பிறர் மேல் சுமத்தி நிறுத்த முடியாது என்பதுதான் அதன் அடிப்படை. அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 2014இல் ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் நிறுவனத்தின் உரிமையாளர்கள், ஊழியர்களின் காப்பீட்டில் சில கருத்தடை முறைகளைச் சேர்க்க மறுக்கலாம் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பிலிப்பைன்ஸிலும் அதே ஆண்டு, இனப்பெருக்க நலச் சட்டத்தில் வேறு மருத்துவரிடம் அனுப்பிவைக்காத டாக்டரைத் தண்டிக்கும் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. கிளாஸ்கோவின் இரண்டு கத்தோலிக்கத் தாதியர், கருக்கலைப்பு வார்டு வேலைகளை மேற்பார்வை செய்வதிலிருந்தும் விலக்குக் கேட்டபோது, பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் மறுத்தது. கையால் செய்வதிலிருந்து விலகலாம், வார்டு நடத்துவதிலிருந்து விலக முடியாது என்றது.

நம்மூர் மருந்துக்கடையில் மதம் வாய்விட்டுப் பேசுவதில்லை. அவசரக் கருத்தடை மாத்திரை 2005 முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்பது நாடு முழுவதற்குமான ஏற்பாடு. தமிழ்நாட்டில் தடை எதுவும் இல்லை என்று அதிகாரிகளே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் சென்னையிலேயே கடை கடையாகக் கேட்டு “ஸ்டாக் இல்ல” என்ற பதிலோடு திரும்பிய பெண்களின் கதைகளைப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. அந்த மாத்திரை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதிலிருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல், கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. தங்கிவிட்ட கருவை அது கலைப்பதில்லை. இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று நினைத்து ஒதுக்குகிற கடைக்காரரிடம் இந்த ஒரு விஷயத்தை விளக்கினாலே பாதி எதிர்ப்பு கரையக்கூடும். மீதிப் பாதி, கேட்டு வருகிற பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. அதற்கு எந்த வேதத்திலும் ஆதாரம் கிடையாது.

இந்தச் சிக்கலில் செய்யக்கூடியவை அப்படியொன்றும் பெரிய காரியங்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் எதைச் செய்வதில்லை என்பதைப் பதிவு கவுண்டரிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்ய 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவுக்கான நிபந்தனைகளில் இந்த ஒரு வரியைச் சேர்க்க அரசுக்குப் புதுச் சட்டம் வேண்டாம். பிரசவ தேதி தெரிந்த பெண்ணிடம் எட்டாம் மாதமே, “கு.க. வேணும்னா இங்க கிடையாதும்மா, பெரியாஸ்பத்திரியில பேசி வைக்கலாமா?” என்று கேட்டு, சீட்டு எழுதிக் கொடுத்து, அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லவும் வேண்டும். வலி எடுத்துத் தியேட்டர் மேசையில் படுத்த பிறகு சொல்வது சொல்லாததற்குச் சமம். 7.15ஆம் விதியின் வாசகத்தில் மருத்துவக் காரணம் என்ற நிபந்தனைக்குப் பதில் பெண்ணின் சம்மதம் என்று வர வேண்டும், நர்சிங் கவுன்சில் விதியிலும் மருந்தாளுநர் விதியிலும் அதற்கு இணையான வரி வேண்டும். உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் எந்த மறுப்பும் செல்லாது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 7.16இல் கணவன் சம்மதம் கேட்கும் வரியை நீக்க வேண்டும். துணை சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேருகிற நர்சிடம், சேரும் நாளிலேயே இதைப் பேச வேண்டும். மனம் ஒப்பாதவருக்கு ஆள் அதிகம் உள்ள ஆஸ்பத்திரியில் இடம் கொடுக்க வேண்டும். அவர் பதவி உயர்வில் அதற்காகக் கை வைக்கக் கூடாது.

இவற்றில் எட்டாம் மாதச் சீட்டுக்கு அரசாணையும் வேண்டாம், ரோமிலிருந்து அனுமதியும் வேண்டாம். திருநகரைச் சுற்றி ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் நாளைக் காலை புற நோயாளிகள் பிரிவிலேயே அதைத் தொடங்கலாம்.